டெல்டாவில் ஒரு பேய்ப்பட விழா: தேதி குறிப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு முடியும் பேய்ப்பட விழாவுக்கு 12 வாரம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஆறு படம், நூறு இருநூறு ரசிகர்கள், ஒரு தியேட்டர் என்றால் அவ்வளவு அவகாசம் தேவைப்படும். கையில் இருக்கும் பணம் எவ்வளவானாலும் முதல் செலவு இருட்டுக்கும் அமைதிக்கும் போகட்டும். பேனர், டி-சர்ட், சிறப்பு விருந்தினர் எல்லாம் அதற்குப் பிறகு. திரையில் பாதி தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் உருவத்தை கேன்டீன் விளக்கு கெடுத்துவிட்டால், எவ்வளவு நல்ல படமும் வெறும் கதையாகிவிடும்.

ஊரைப் பொறுத்தவரை கும்பகோணம் நடுவில் இருக்கிறது. தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் மூன்றும் சுமார் 40 கிலோமீட்டருக்குள். நாகப்பட்டினம், பட்டுக்கோட்டைக்காரர்களும் காலையில் கிளம்பி வந்து சேர முடியும்.

தேதி

ஜூலை கடைசி, அதாவது ஆடியின் முன்பாதி, மிகவும் தோதான காலம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் மண்டபம், பந்தல்காரர், ஜெனரேட்டர், லாட்ஜ் அறை எல்லாம் தை, வைகாசி விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். மழையும் பெரிதாக இருக்காது. ஆனால் ஆடிக்குள்ளேயே தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டிய வார இறுதியில் படித்துறைக் கூட்டத்தால் பஸ்ஸில் ஏற முடியாது. ஆடி அமாவாசை பேய்ப்படத்துக்குப் பொருத்தமான நாள் என்று தோன்றும். அன்று பூம்புகாருக்கும் வேதாரண்யத்துக்கும் திருவையாற்றுக்கும் ஊரே திரண்டு போகும், உங்களுக்கு வண்டியும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பெரிய நடிகர் படம் வரும் வாரத்தில் தியேட்டர்காரர் காட்சி தரமாட்டார். ஆடி வெள்ளியன்று பல வீடுகளில் அம்மன் கோயிலுக்குப் போய்வந்து சாப்பிடவே எட்டு மணியாகிவிடும் என்பதால், முதல் காட்சியை இரவு 9 மணிக்கு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வைக்கவே கூடாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவின் பல கிராமங்களை வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வைத்தது. புயல் வராவிட்டாலும் அந்த மாதங்களில் வெளியூர் ஆட்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவார்கள்.

தேதி முடிவானதும் மின்வாரிய அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று கேட்டுவிடுங்கள். பல ஊர்களில் அது சனிக்கிழமையில்தான் வரும். அடுத்து, தியேட்டரைச் சுற்றி அரை கிலோமீட்டரில் எந்த மாரியம்மன் கோயிலில் அன்று காப்புக் கட்டு, கஞ்சி வார்ப்பு என்று விசாரியுங்கள். குழாய் ஸ்பீக்கர் ஒன்று தியேட்டர் பக்கம் திரும்பியிருந்தால் உங்கள் அமைதியான காட்சிகள் அத்தனையும் போயிற்று.

தியேட்டரா, மண்டபமா

முடிந்தவரை தியேட்டரையே பிடியுங்கள். தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955-ன்படி பொதுமக்களுக்குப் படம் காட்டும் இடத்துக்கு உரிமம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தியேட்டரிடம் சி பார்ம் எனப்படும் அந்த உரிமம் ஏற்கெனவே இருக்கிறது. மண்டபத்தில் என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் தற்காலிக உரிமத்துக்கு மனுப்போட்டு, காவல்துறை, தீயணைப்பு, மின்பாதுகாப்பு என்று ஒவ்வொரு மேசையாக நடக்க வேண்டும்.

தியேட்டர்காரரிடம் ‘ஹவுஸ்புல் பண்ணித் தருகிறோம்’ என்று பேசிப் பயனில்லை. காட்சிக்கு இவ்வளவு வாடகை என்று மொத்தமாகப் பேசுங்கள். புதுப்படங்கள் வெள்ளியன்று வருவதால் எந்தத் திரையில் எந்தப் படம் என்பது அதற்கு முந்தைய ஓரிரு நாளில்தான் உறுதியாகும். ஆகவே இரண்டு மூன்று திரை உள்ள தியேட்டரில் சிறிய திரையை மூன்று நாளுக்கும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தில் இவையும் இருக்க வேண்டும்: காட்சி நேரங்கள், ஏ.சி. முழு நேரமும் ஓடும் என்பது, விளம்பரமும் ட்ரெய்லரும் நம் காட்சிகளில் வராது என்பது, முந்தைய நாள் இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் ஒன்றரை மணி நேரச் சோதனை ஓட்டம், பக்கத்துத் திரையில் என்ன ஓடும் என்பது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை. சுவர் மெல்லியதாக இருந்தால் பக்கத்துக் குத்துப்பாட்டின் அடி ஒலி உங்கள் இருண்ட மாடிப்படிக் காட்சிக்குள் வந்துவிடும்.

விடிய விடியப் படம் ஓட்டும் ஆசை எல்லா ரசிகர் குழுவுக்கும் வரும். தியேட்டரில் அது நடக்காது. சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி தரும்போதுகூட அரசு காலை 9 மணி முதல் இரவு 1.30 அல்லது 2 மணி வரை என்றே வரம்பு வைத்து வந்திருக்கிறது. கடைசிப் படம் 12.30-க்குள் முடியும்படி வையுங்கள்.

மண்டபம்தான் அமைந்தது என்றால் இருட்டு, எதிரொலி, வெளிச்ச அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். வென்டிலேட்டர், ஜன்னல் எல்லாவற்றுக்கும் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாக அடிக்க வேண்டும். ஒற்றை மடிப்பில் பகல் வெளிச்சம் சாம்பல் நிறமாகக் கசியும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கிசுகிசுப் பேச்சைப் புரியாமல் அடித்துவிடும். பந்தல்காரரிடம் ஜமக்காளம் வாங்கித் தரையில் விரித்து, பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் தொங்கவிடுங்கள். புரொஜெக்டருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. திரையின் நீளத்தையும் உயரத்தையும் அடியில் பெருக்கி, வந்ததை 14 ஆல் பெருக்குங்கள். 16க்கு 9 அடித் திரை என்றால் 144 சதுர அடி, அதற்கு 2,016 லூமன் (ஒளியின் அளவு) திரையில் விழ வேண்டும். வாடகைப் புரொஜெக்டரின் லாம்ப் பழசாகியிருந்தால் பெட்டியில் போட்டிருப்பதில் பாதிகூட வராது. எனவே 5,000 லூமனுக்குக் குறையாமல் கேளுங்கள். புரொஜெக்டர், மடிக்கணினி, மிக்ஸர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். லாம்ப் புரொஜெக்டர் சூட்டோடு அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும். அந்தச் சில நிமிடத்தில் கட்டிவைத்த பயமெல்லாம் கலைந்துவிடும். ஜெனரேட்டரைக் கட்டடத்தின் பின்புறம், சத்தம் உள்ளே வராத தூரத்தில் நிறுத்துங்கள்.

திறந்தவெளி வேண்டவே வேண்டாம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை முன்னால் திரை கட்டலாமா என்று பலருக்கும் தோன்றுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடற்காற்றில் திரை பாய்மரமாகப் புடைக்கும், லென்ஸில் உப்பீரம் படியும், பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை வேறு. வயல் ஓரத்திலோ, சம்பாப் பருவத்தில் பச்சைத் தத்துப்பூச்சி ஆயிரக்கணக்கில் வந்து வெள்ளைத் திரையில் அப்பிக்கொள்ளும்.

உரிமையும் சான்றிதழும்

ஓடிடி சந்தாவோ புளூரே தட்டோ வைத்திருப்பதால் பொதுவில் காட்டும் உரிமை வந்துவிடாது. படத்தின் தியேட்டர் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடி, அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்ப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு: ஏரியா உரிமை, அதாவது ஒரு பகுதியில் மட்டும் படத்தை வெளியிடும் உரிமை, தனியாக விற்கப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியது டி.டி. ஏரியா, அதாவது திருச்சி–தஞ்சாவூர். தயாரிப்பாளர் சரி என்றாலும் ஏரியா உரிமை வைத்திருப்பவர் காட்சியன்று தியேட்டர்காரருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்ல முடியும். ‘டி.டி. ஏரியா உரிமை எங்களிடமே உள்ளது’ என்ற வரியைக் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். விலையை ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று அவுட்ரேட்டாகப் பேசுவது நல்லது. பர்சன்டேஜ், அதாவது வசூலில் பங்கு என்றால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

இந்தியாவில் ஒரு படம் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. அதைக் கடந்த பழைய படங்களை யாரும் காட்டலாம் என்றாலும், பிற்காலத்தில் சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை இருக்கும். பதிப்புரிமை முடிந்துவிட்டதால் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டப்படி சான்றிதழ் இல்லாத எதையும் பொதுவில் காட்டுவது குற்றம். அயல்நாட்டு மௌனப்படத்துக்கும், உள்ளூர்ப் பையன்கள் எடுத்த எட்டு நிமிடக் குறும்படத்துக்கும் அதே சட்டம்தான். விழாக்களுக்குச் சான்றிதழ் விலக்குத் தருவது தில்லியிலுள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். படப் பட்டியல், கதைச்சுருக்கத்தோடு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். விலக்கு வராவிட்டால் அந்த இடத்தில் போட, சான்றிதழ் உள்ள படம் ஒன்றைப் பேசி வைத்திருங்கள்.

பேய்ப்படங்களில் கணிசமானவை ‘ஏ’ சான்றிதழ் பெற்றவை. 18 வயது நிறையாதவரை உள்ளே விடக் கூடாது. கல்லூரி முதலாண்டு மாணவர்களில் பலருக்கு ஜூலையில் 17 வயதுதான் ஆகியிருக்கும். டிக்கெட் விற்கும்போதே ஆதார் பார்த்துவிடுங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் சண்டைதான் வரும். 2023 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்த எண்ணையும் நோட்டீசில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

எந்தப் படம், எந்த நேரம்

ஆறு படம் போதும், அதற்கு மேல் கண் தாங்காது. மெதுவாக ஏறும் படத்தை மாலை 6 மணிக்கு வையுங்கள், மனம் விழிப்பாக இருக்கும் நேரம் அது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 மணிக்கு வேகமும் சத்தமும் உள்ள படம். பிற்பகல் 2 மணிக்கு எந்தப் பேய்ப்படமும் எடுபடாது, டெல்டா வெயிலில் சாப்பிட்டு வந்தவர்கள் ஏ.சி.யில் தூங்கிவிடுவார்கள். அந்த நேரத்தைக் கதை சொல்லலுக்குக் கொடுங்கள். கொள்ளிவாய்ப் பிசாசு, புளியமரத்து மோகினி, களத்துமேட்டில் கேட்ட சலங்கை என்று ஆளுக்கொரு கதை இந்த மண்ணில் இருக்கிறது. ஒருவருக்கு எட்டு நிமிடம், ஒலிவாங்கி கட்டாயம்.

டெல்டா விழாவில் இருக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. 1993-ல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளப் படத்தின் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. ஆத்திரத்தின் உச்சத்தில் அவள் பேசுவது தமிழ். அந்தக் கதை 2004-ல் கன்னடத்துக்குப் போய், 2005-ல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தது. சந்திரமுகியை மனப்பாடமாகத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு மூலத்தைப் பெரிய திரையில் காட்டினால் கிடைக்கும் பேச்சு வேறெதிலும் கிடைக்காது. 2024 ஆகஸ்டில் 4கே பிரதியாக மறுவெளியீடு கண்ட படம் என்பதால் நல்ல டிஜிட்டல் பிரதியும் இருக்கிறது. இரண்டையும் போடுவதென்றால் ஒரே நாளில் வேண்டாம், இரண்டும் நீளமானவை.

கால அட்டவணை இப்படி அமையலாம். வெள்ளி இரவு 9 மணிக்குத் தொடக்கப் படம். சனி காலை 11 மணிக்குக் குடும்பத்தோடு பார்க்கும் யு/ஏ படம், 2.30-க்குக் கதை சொல்லல், 6 மணிக்கு மெதுவாக ஏறும் படம், 10 மணிக்குக் கூச்சல் படம். ஞாயிறு காலை 11 மணிக்கு மௌனப்படம், மாலை 6 மணிக்கு நிறைவுப் படம், 9 மணிக்குள் எல்லாரும் வெளியே. படங்களுக்கு நடுவில் குறைந்தது 45 நிமிடம் விடுங்கள். கழிப்பறை வரிசைக்கே இருபது நிமிடம் போய்விடும்.

‘கூச்சல் படம்’ என்று ஒன்றை மட்டும் அறிவிப்பது பலன் தரும். அதில் விசில், கமென்ட், கத்தல் எதற்கும் தடையில்லை. மற்ற ஐந்தில் வாய் திறக்கக் கூடாது. இரண்டு வகை ரசிகர்களும் நம்மூரில் இருக்கிறார்கள். ஒரே காட்சியில் இருவரையும் கலந்தால் இருவருக்குமே கெடும்.

அயல்நாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது. சொல்லாமல் விட்டால் ஆபரேட்டர் பாதி நேரத்தில், கதவு திறக்கும் சமயம் பார்த்து நிறுத்துவார். ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டிப் பார்த்து, பதற்றம் தணிந்து காட்சி மாறும் இடத்தின் மணி, நிமிடம், நொடியை எழுதிக் கொடுங்கள்.

பிரதியும் சாவியும்

தியேட்டரில் ஓடுவது டிசிபி என்ற கோப்புத் தொகுப்பு. ஒரு படம் 100 முதல் 200 ஜிபி வரை இருக்கும், சர்வரில் ஏற்றவே சில மணி நேரம் ஆகலாம். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் இருப்பதால் விண்டோஸ் கணினியில் செருகினால் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் படம் அழிந்துவிடும். டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று யாரையும் தொடவிடாதீர்கள்.

பூட்டிய டிசிபிக்குக் கேடிஎம் என்ற சாவி வேண்டும். அது ஒரே ஒரு சர்வருக்கு, குறித்த நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். இதில் மூன்று இடத்தில் தவறு நேர்கிறது. தியேட்டர் கொடுத்த சர்வர் எண் பழையதாக இருக்கும், பழுதுக்குப் பிறகு வேறு பெட்டி மாற்றியிருப்பார்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் போட்டுவிடுவார்கள், சாவி ஐந்தரை மணி நேரம் தள்ளித் திறக்கும். சோதனை ஓட்ட நேரத்தைச் சேர்க்காமல் காட்சி நேரத்துக்கு மட்டும் வாங்கிவிடுவார்கள். முந்தைய நாள் மாலை முதல் அடுத்த நாள் மாலை வரை செல்லும் சாவி கேளுங்கள்.

வெறும் வீடியோ கோப்பாக வந்த படத்தை ‘டிசிபி-ஓ-மேட்டிக்’ என்ற இலவச மென்பொருளால் மாற்றலாம். தமிழ்த் துணைத்தலைப்பு இருந்தால் அதைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டு மாற்றுங்கள். தனிக் கோப்பாக வைத்தால் சில கருவிகளில் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். வரிக்கு 30 எழுத்து, இரண்டு வரி, அதற்கு மேல் போகாதீர்கள். பேய்ப்படத்துக்கென்று ஒரு கவனம்: அலறலுக்கோ பெயர் சொல்லி அழைப்பதற்கோ உரிய வரி, ஒலிக்கு அரை நொடி முன்னால் வந்தாலும் பார்வையாளர் தயாராகிவிடுவார். அந்த வரிகளை மட்டும் ஒலி வரும் கணத்திலேயே தோன்றும்படி தனியாகத் திருத்துங்கள்.

சோதனை ஓட்டம்

ஒவ்வொரு படத்திலும் மூன்று இடம் ஓட்டிப் பாருங்கள்: மிக இருண்ட காட்சி, மிக அமைதியான காட்சி, மிகச் சத்தமான காட்சி. இருண்ட காட்சியில் கறுப்புக்குள் விவரம் தெரியாமல் சேறாக இருந்தால் லாம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆபரேட்டர் அறைக் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். கண்ணாடியை இரு பக்கமும் துடைக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். பிறகு கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கழிப்பறை, கேன்டீன் கதவுகளுக்கு நான்கடி இடைவெளியில் இரட்டைத் திரைச்சீலை கட்டினால் ஒருவர் போய்வரும்போது வெளிச்சம் பாயாது. வெளியேறும் வழிப் பலகையை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள்.

ஒலியின் நிர்ணய அளவு ஃபேடரில் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழில்) 7. சத்தம் அதிகம் என்ற புகாருக்குப் பயந்து பல தியேட்டர்கள் 5-க்குக் கீழேயே வைத்திருக்கும். அப்படி வைத்தால் கிசுகிசுப்பு ஏ.சி. இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஏ.சி. ஓட, அமைதியான காட்சியின் மூச்சொலி கேட்கும் வரை ஏற்றுங்கள். அதே அளவில் சத்தமான காட்சியை ஓட்டி, காதை உறுத்தினால் அரைப் புள்ளி இறக்குங்கள். எண்ணைப் படவாரியாகத் தாளில் எழுதி ஆபரேட்டர் அறையில் ஒட்டிவிடுங்கள்.

மௌனப்படத்துக்கு நேரடி இசை

இந்த மண்ணில் விழா நடத்துவதன் பெரிய சாதகம் இதுதான். 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். மௌனப்பட நாட்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒருவர் இருந்தார். ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 1922-ம் ஆண்டு ‘நொஸ்ஃபெராட்டு’ போன்ற படத்தை அந்த முறையில் காட்டலாம். மீட்டெடுத்த பிரதி 94 நிமிடம் ஓடும். அதன் ஒலியை அணைத்துவிட்டு, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துப் பலகைகளைத் தமிழில் ஒருவர் சொல்ல, நம் வித்வான்கள் வாசிக்கட்டும்.

தவிலை முழுதும் வாசித்தால் மூடிய அரங்கில் தாங்காது. தம்புரா சுருதி, உடுக்கை, முகவீணை மூன்றும் அடிப்படையாக இருக்கட்டும், தவிலும் நாதஸ்வரமும் ஓரிரண்டு இடத்துக்குப் போதும். கல்யாணக் கச்சேரிப் பழக்கத்தில் இடைவிடாமல் வாசிக்கத் தோன்றும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நிமிடக் கணக்கோடு தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு முறை படத்தோடு ஒத்திகை பாருங்கள். அவர்களைத் திரை தெரியும் பக்கவாட்டில் உட்கார வைத்து, தாளுக்கு மட்டும் சிறு விளக்கு வையுங்கள். சன்மானம் அன்றைக்கே கையில் போக வேண்டும்.

வாசலிலும் வெளியிலும்

ரத்தம், தற்கொலை, குழந்தை மரணம், பளிச்சிடும் ஒளி ஆகியவை எந்தப் படத்தில் உண்டு என்று நோட்டீசிலும் டிக்கெட் மேசையிலும் எழுதிவையுங்கள். பளிச்சிடும் ஒளி வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. வேஷம் கட்டி மிரட்டுவதானால் வராந்தாவில் மட்டும், ஆளைத் தொடாமல், படிக்கட்டையும் கதவையும் மறிக்காமல். சாம்பிராணிப் புகையும் தீப்பந்தமும் அரங்குக்குள் வேண்டாம். முனீஸ்வரன், பேச்சி போன்ற தெய்வங்களின் உருவத்தை அலங்காரமாக வைக்காதீர்கள், அவை பக்கத்துத் தெருக்காரர் கும்பிடும் சாமி. ஊரில் ‘பேய் பங்களா’ என்று சொல்லப்படும் வீட்டின் பெயரை விளம்பரத்தில் இழுக்காதீர்கள், அதற்கு உரிமையாளர் இருக்கிறார். மனநோயாளி போல் வேஷம் கட்டுவதும் கூடாது.

இரவுக் காட்சிக்குப் பிறகு டவுன் பஸ் இருக்காது. டிக்கெட் விற்கும்போதே ஊர்ப்பெயர் வாங்கி, ஒரே வழித்தடத்துக்காரர்களைச் சேர்த்து வேன் பேசுங்கள். பாபநாசம் வழியாகத் தஞ்சாவூருக்கு ஒன்று, குத்தாலம் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று இருந்தால் பெரும்பாலும் போதும். தனியாக வரும் பெண்களை லாட்ஜ் வாசல் வரை கொண்டுவிட இரண்டு பெண் தன்னார்வலர்கள் வேண்டும். சென்னைக்காரர்களை ஞாயிறு இரவு உழவன் எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு செய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

கணக்கு

தியேட்டர் வாடகை, பட உரிமை, டிஸ்க், வித்வான்கள், வேன், அச்சு எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். அதை மொத்த இருக்கையில் 60 சதவீதத்தால் வகுத்தால் வருவதுதான் மூன்று நாள் பாஸின் விலை. முழு அரங்கும் நிறையும் என்று வைத்துப் போட்ட கணக்கு கைக்காசில்தான் முடியும். ₹100 வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. வரியைத் தியேட்டர் கட்டுமா நீங்கள் கட்டுவதா என்பதையும் முதல் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவே சர்வரிலிருந்து படங்களை அழிக்கச் சொல்லி, ஆபரேட்டர் கையெழுத்து வாங்குங்கள். திங்களன்று டிஸ்க்குகளைப் பதிவுக் கூரியரில் திருப்பி அனுப்பி, ரசீதின் படத்தை உரிமையாளருக்கு அனுப்புங்கள். பர்சன்டேஜில் எடுத்த படம் இருந்தால் காட்சிவாரியான டி.சி.ஆரை, அதாவது தினசரி வசூல் கணக்கை, அன்றன்றைக்கே அனுப்பி, பங்குத் தொகையைப் பேசிய தேதிக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே உரிமையாளரிடம் படம் கேட்கும்போது அவர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.